காவிரியில் வெள்ளமும் வருகிறது, தண்ணீரும் கெடுகிறது. எப்படி?

சீர்காழிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். சுருக்கிச் சொன்னால் கேள்வி இதுதான்: "பூமி சூடாகி ஆறு வற்றும் என்கிறீர்கள். 2024 ஆடியில் கொள்ளிடம் கரை புரண்டு ஓடியதைக் கண்ணால் பார்த்தேன். அப்புறம் தண்ணீர் எங்கே குறைகிறது? சரி, தண்ணீர் கெடுவதற்குச் சாயப்பட்டறையும் சாக்கடையும்தானே காரணம், வெயில் என்ன செய்யும்? எங்கள் வீட்டு போர் தண்ணீர் நாலு வருஷமாகக் கரிக்கிறது, நல்ல மழை பெய்தால் சரியாகிவிடுமா?"

நான் பல வருஷம் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பாட்டிலும் கையுமாக இருந்தவன். அதனால் பதில் கொஞ்சம் அந்த வாடையோடுதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வெள்ளம். நீங்கள் பார்த்தது உண்மை. ஆனால் அதற்கு முந்தைய ஒரு வருஷத்தையும் சேர்த்துப் பாருங்கள். 2023 ஜூன் 12 அன்று வழக்கப்படி மேட்டூரைத் திறந்தார்கள், அணையில் 100 அடிக்கு மேல் தண்ணீர் இருந்தது, குறுவை போட்டார்கள். குடகில் மழை ஏமாற்றியது. அந்த ஆகஸ்ட் மாதம் இந்தியா முழுமைக்கும் 1901-க்குப் பிறகு வந்த மிக வறண்ட ஆகஸ்ட். அக்டோபர் 10 அன்று, நீர்மட்டம் 30 அடியை ஒட்டி வந்தபோது, பாசனத்துக்குத் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். 2024 ஜூன் 12 வந்தது, அணை திறக்கவில்லை. ஜூலை தொடக்கத்தில்கூட மட்டம் 40 அடியைச் சுற்றித்தான் இருந்தது. அப்புறம் குடகிலும் வயநாட்டிலும் கொட்டித் தீர்த்ததில் ஜூலை 30 அன்று அணை 120 அடியைத் தொட்டது. வயநாட்டில் மலை சரிந்து ஊர்கள் மண்ணுக்குள் போன அதே நாள் அது. நான்கே நாளில் ஆடிப்பெருக்கு. வறண்ட வருஷங்களில் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் குழாய்த் தண்ணீரில் தலை நனைத்துவிட்டுப் போன ஜனங்கள், அந்த வருஷம் தண்ணீர் மிரட்டும் அளவுக்கு வந்ததால் பல படித்துறைகளில் இறங்க முடியாமல் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று கும்பிட்டார்கள்.

இந்த வெள்ளத்தைக் கணக்காகப் பார்த்தால் விஷயம் விளங்கும். வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் அது கிட்டத்தட்ட 13 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி). வீராணம் ஏரி முழுக் கொள்ளளவே 1.465 டி.எம்.சி.தான், அதாவது ஒரே நாளில் ஒன்பது வீராணம் கொள்ளிடம் வழியாகப் பழையாறு முகத்துவாரத்துக்குப் போகிறது. அதே 13 டி.எம்.சி. வினாடிக்கு ஆயிரம் கன அடியாக மெதுவாக வந்தால் 150 நாள் ஆறு நனைந்திருக்கும். கணக்குப் புத்தகத்தில் இரண்டும் ஒரே தொகை. கடைமடைக்காரனுக்கும், ஆற்றுக்குள் இருக்கும் கெண்டைக்கும், மணலுக்கு அடியில் ஊறும் ஊற்றுக்கும் இரண்டும் ஒன்றா? வருஷத்துக்கு மொத்தம் இவ்வளவு வந்தது என்ற எண்ணை வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். 2007 காவிரி நடுவர் மன்றத் தீர்ப்பு ஆற்றின் மொத்த நீராக வைத்த 740 டி.எம்.சி. என்பதும் சராசரி வகையறாதான், இரண்டு வருஷத்தில் ஒரு வருஷமாவது அவ்வளவு வரும் என்று பழைய ஓட்டக் கணக்குகளை வைத்துப் போட்டது. அந்த 740-இல் சுற்றுச்சூழலுக்கென்று ஒதுக்கியது 10. கடலுக்குத் தவிர்க்க முடியாமல் போவது 4. ஒரு பெருவெள்ள நாளில் இந்தப் பதினான்கும் போய்விடும், மீதி 364 நாளுக்கு?

காலநிலை மாற்றம் இதில் எங்கே வருகிறது என்றால், காவிரிக்குப் பனிமலை கிடையாது. கங்கைக்குக் கோடையில் பனியாறு உருகிக் கொஞ்சமாவது கைகொடுக்கும். நமக்கு அந்தச் சேமிப்பு இல்லை. நம்முடைய சேமிப்பு குடகு, வயநாடு, நீலகிரி மலைகளின் மண்ணுக்குள் இருக்கிறது. ஆனி ஆடியில் விடாமல் தூறுகிற மழையை அந்த மண் குடித்துவைத்து, தை மாசியில் ஓடையாகக் கசியவிடும். காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கும் ஈரம் சுமார் 7 சதவீதம் கூடும். அதனால் இறக்கும்போது மொத்தமாக இறக்கும், இறக்கி முடித்தால் இடைவெளியும் நீளும். தென்னம்பாத்தியில் ஒரு குடம் தண்ணீரை மெல்லச் சாய்த்தால் மண் குடிக்கும், அதையே வாளியோடு வீசினால் பாத்தி உடைந்து வெளியே ஓடும், அவ்வளவுதான் சங்கதி. 2018, 2019, 2020 என்று மூன்று ஆகஸ்ட் தொடர்ந்து குடகில் மலை சரிந்ததும் இந்தப் பாணியில்தான். மத்திய இந்தியாவில் 1950 முதல் 2015 வரைக்குமான மழைப் பதிவை ஆராய்ந்தவர்கள், பரந்த பரப்பில் கொட்டும் அதிகனமழை மூன்று மடங்கானதைக் கண்டார்கள். அது நம் படுகை இல்லை, ஆனால் மழை கொண்டுவருவது அதே பருவக்காற்று.

ஒவ்வொரு வறட்சிக்கும் வெப்பமாதலைக் கைகாட்டுவதும் சரியில்லை. 2023-இல் எல் நினோ இருந்தது, பசிபிக் பெருங்கடல் சூடேறுவதைத்தான் அப்படிச் சொல்வார்கள், அது இயல்பாக வந்துபோவது. எல் நினோ அன்றும் வந்தது இன்றும் வருகிறது, அன்று அது இறங்கிய தரை இவ்வளவு சூடாக இல்லை என்பதுதான் வித்தியாசம். 1901-க்கும் 2018-க்கும் இடையில் இந்தியாவின் சராசரி வெப்பம் சுமார் 0.7 டிகிரி ஏறியிருக்கிறது என்று புவி அறிவியல் அமைச்சகத்தின் அறிக்கையே சொல்கிறது.

சூடு ஏறினால் ஆவியாவதும் ஏறும். மேட்டூர் நிரம்பி நிற்கும்போது அதன் நீர்ப்பரப்பு சுமார் 150 சதுர கிலோமீட்டர். நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வையுங்கள், நம் வெயிலுக்கு அது பெரிய எண்ணே இல்லை, அதுவே வினாடிக்கு 300 கன அடிக்கு மேல் வானத்தைப் பார்த்து ஓடுவதற்குச் சமம். இதற்கு எந்த மாநிலத்தோடும் வழக்குப் போட முடியாது.

இனி இரண்டாவது கேள்வி, எனக்குப் பிடித்த கேள்வி. வெயில் தண்ணீரை என்ன செய்யும்?

மீனும் புழுவும் நல்ல நுண்ணுயிரும் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை வைத்துத்தான் உயிர் வாழ்கின்றன. 20 டிகிரி தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் ஏழரை. 35 டிகிரியில் ஏழுக்குச் சற்றுக் கீழே. சித்திரை மாதம் முழங்கால் ஆழத்துக்கு, வெந்த மணல் மேல் தேங்கி நிற்கும் காவிரி மதியத்தில் 35 டிகிரியைத் தொடுவது சாதாரணம். பாத்திரமே சிறுத்துவிட்டது. அதே சமயம், சாக்கடை கலந்த தண்ணீரில் கழிவைத் தின்று ஆக்சிஜனைக் குடிக்கும் பாக்டீரியாவுக்குச் சூடு ஏற ஏறப் பசி கூடும், 5 டிகிரி ஏறினால் வேகம் கிட்டத்தட்ட கால்வாசி அதிகம். வருவது குறைந்து செலவு கூடினால் வீட்டில் என்ன ஆகுமோ அதுதான் ஆற்றிலும் ஆகிறது.

இதைக் கண்ணால் பார்க்கலாம். 300 மில்லி கண்ணாடி பாட்டிலில் குமிழி இல்லாமல் ஆற்றுத் தண்ணீரைப் பிடித்து, மாங்கனீசு சல்பேட்டும் காரம் கலந்த அயோடைடும் ஒவ்வொரு பிப்பெட் விட்டு, மூடிக் கவிழ்த்துக் குலுக்குவோம். ஆக்சிஜன் இருந்தால் சுக்குக் காபி நிறத்தில் ஒரு வீழ்படிவு திரண்டு கீழே இறங்கும். இல்லாவிட்டால் வெள்ளையாக, அரிசி கழுவின தண்ணீர் மாதிரி நின்றுவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கோடையில், ஊர்ச் சாக்கடை சேரும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே பிடித்த பாட்டில் அப்படி வெள்ளையாக நின்றது. மருந்து காலாவதியாகிவிட்டது போல என்று நினைத்து வேறு மருந்து போட்டுப் பார்த்தேன். இரண்டாவதும் வெள்ளை. பக்கத்திலிருந்த பெரியவர், "மருந்தெல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆறுதான் சரியில்ல" என்றார்.

இன்னொரு தொழில் ரகசியம். பச்சையாகப் பாசி படர்ந்த தண்ணீரை மதியம் மூன்று மணிக்குச் சோதித்தால் ஆக்சிஜன் தாராளமாக இருக்கும், ஏனென்றால் பாசி வெயிலில் அதைத் தயாரித்துக் கொட்டுகிறது. அதே இடத்தில் விடியற்காலை நாலரைக்குப் போங்கள், ராத்திரி முழுக்க அதே பாசி மூச்சுவிட்டு எல்லாவற்றையும் தீர்த்திருக்கும். மீன் செத்து மிதப்பது பெரும்பாலும் விடியலில்தான். அறிக்கையில் எண் நன்றாக வரவேண்டும் என்றால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாதிரி எடுக்கப் போனால் போதும். இதற்கு மேல் நான் சொல்லவில்லை.

பாசி என்றதும் மேட்டூர் ஞாபகம் வருகிறது. அணையில் மட்டம் இறங்கினால் பண்ணவாடி பரிசல்துறைப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் தலைகாட்டும், செய்தியில் படம் போடுவார்கள், ஜனங்கள் பார்க்கப் போவார்கள். அதே சமயத்தில் ஓரத்துத் தேக்கங்களில் பச்சை பெயிண்டைக் கரைத்துக் கொட்டினது மாதிரி நீலப்பச்சைப் பாசி ஏடு கட்டி நாறும், கரையோர ஊர்க்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு புகார் கொடுப்பார்கள், நுண்ணுயிர்க் கரைசலைத் தெளிப்பார்கள். வயலிலிருந்து கழுவி வந்த உரமும் ஊர்களின் கழிவும்தான் அந்தப் பாசிக்குத் தீனி. ஆனால் அணை நிரம்பியிருந்தபோதும் அதே தீனி இருந்ததே, அப்போது ஏன் ஏடு கட்டவில்லை? தண்ணீர் நிறைய இருந்தது, நகர்ந்தது, இவ்வளவு சூடாகவில்லை. தீனி, வெயில், தேக்கம் மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்தால்தான் விருந்து.

இதுதான் உங்கள் கேள்விக்கு நேர் பதில். கழிவை மனிதன்தான் விடுகிறான், அதில் சந்தேகமே இல்லை. காலநிலை மாற்றம் அந்தக் கழிவுக்குக் கலக்கத் தண்ணீர் இல்லாத நாட்களை நீட்டிக்கொண்டே போகிறது. ஈரோட்டிலும் திருச்சியிலும் ஒரு நாளைக்கு விழும் சாக்கடை ஆடியிலும் அதேதான், பங்குனியிலும் அதேதான். பத்தில் ஒரு பங்கு தண்ணீர் ஓடினால் பத்து மடங்கு செறிவு, இதற்கு ஆராய்ச்சியே தேவையில்லை. காவிரியில் சேரும் நொய்யல் இதைப் பச்சையாகக் காட்டிய ஆறு. பாசனத்துக்கென்று கட்டி 1992-இல் வந்த ஒரத்துப்பாளையம் அணை, கலக்க நல்ல தண்ணீர் வராததால், சில வருஷங்களிலேயே திருப்பூர்ச் சாயக் கழிவின் தொட்டியாகிவிட்டது. விவசாயிகள் நீதிமன்றம் ஏறி, சொட்டுக் கழிவும் வெளியேறக்கூடாது என்று 2006-இல் உத்தரவு வாங்கி, அது நடக்காமல் போக, 2011 ஜனவரியில் பட்டறைகளை மூடச் சொல்லும்வரை போனது. சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் காவிரித் தண்ணீரில் வலி மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை, ஆன்டிபயாட்டிக் எச்சங்களையெல்லாம் கண்டுபிடித்து எழுதினார்கள். நம் உடம்பு வழியாகப் போய்ச் சாக்கடையில் இறங்கினவைதான். ஆற்றில் ஓட்டம் மெலிந்தால் இவையும் கெட்டிப்படும், வேறென்ன.

வெள்ளம் வந்தால் கழுவிவிடுமே என்பீர்கள். கழுவும், ஆனால் முதலில் வருவது கழுவின தண்ணீர்தான். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த ஓடை, வாய்க்கால், தெருச் சாக்கடை எல்லாவற்றின் அழுக்கையும் வழித்துக்கொண்டு வரும் முதல் தண்ணீரில்தான் மீன்கள் கூட்டமாகச் சாகும். அதன் பின்னால் வரும் பெருவெள்ளம் செங்காவி நிறத்தில், கரைத்த மண்ணாக வரும். பாட்டி காலத்தில் பானைக்குள் தேற்றாங்கொட்டையை இழைத்துத் தெளியவைத்தார்கள். இப்போது சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரத்தை மூட்டை மூட்டையாகக் கூட்டுவார்கள், மண்ணோடு இலைதழைச் சத்தும் கரைந்து வருவதால் குளோரினும் கூடும், அந்தக் குளோரின் இலைதழைச் சத்தோடு சேர்ந்து டிரைஹாலோமீத்தேன் என்ற வேண்டாத சரக்கை உண்டாக்கும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டி தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது, ஆற்றுக்குள் இருந்த உறைகிணறுகளும் பம்புகளும் மூழ்கிப்போய், சுற்றிலும் தண்ணீர் நிற்க ஜனங்கள் குடிதண்ணீர் லாரிக்குக் காத்திருந்தார்கள். குடிக்கிற தண்ணீரைப் பொறுத்தவரை அதுவும் பஞ்சம்தான்.

சரி, உங்கள் வீட்டு போருக்கு வருகிறேன்.

நல்ல மழை பெய்தால் சரியாகுமா என்று கேட்டீர்கள். 2022 நவம்பரில் உங்கள் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் பெய்தது, ஊரும் வயலும் மிதந்தன. அடுத்த கோடையில் தண்ணீர் இனித்ததா? நீங்கள் சொல்கிற நாலு வருஷக் கணக்குக்குள்தான் அந்த மழையும் வருகிறது. களிமண் வயலில் ஒரேயடியாகக் கொட்டின மழை, வடிகாலில் ஏறி, உப்பனாற்றைப் பிடித்துக் கடலுக்குப் போய்விட்டது. உள்ளே இறங்க அதற்கு அவகாசமே இல்லை.

கடலோர ஊரில் நிலத்தடியில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. சாம்பாரில் எண்ணெய் மிதக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அடியில் ஆழமாகத் தொங்கும். மணற்பாங்கான நிலத்தில் தோராயக் கணக்கு என்னவென்றால், நல்ல தண்ணீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் இருந்தால், அடியில் 40 மீட்டர் ஆழம் வரை நல்ல தண்ணீர் நிற்கும். மேலே அரை மீட்டர் இறங்கினால் கீழே உப்பு 20 மீட்டர் ஏறி வரும். கேட்கவே பயமாக இருக்கிறதல்லவா? அந்த அரை மீட்டரைப் பிடித்துவைத்தது எது என்றால் வருஷத்தில் பல மாதம் வாய்க்காலிலும் ஆற்றிலும் மெதுவாக ஓடிக்கொண்டிருந்த தண்ணீர். மேட்டூர் திறப்பு தள்ளிப்போகும் வருஷம், கடைமடைக்கு எட்டாத வருஷம், எல்லாமே அந்த அரை மீட்டரில் கைவைக்கின்றன. இன்னொரு பக்கம் கடலும் சும்மா இல்லை. 1993 முதல் வடக்கு இந்தியப் பெருங்கடலின் மட்டம் வருஷத்துக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் ஏறிவருகிறது. கொள்ளிடத்தில் மணல் அள்ளி அடிமட்டத்தை இறக்கிவைத்தோம், ஆற்றில் ஓட்டம் இல்லாத மாதங்களில் கடல்நீர் அந்தப் பள்ளத்தில் உள்ளே ஏறி வருகிறது. இதில் காலநிலையின் பங்கு எவ்வளவு, மணல் லாரிகளின் பங்கு எவ்வளவு என்று கேட்டால், உங்கள் ஊர் வரைக்கும் என் கணிப்பு லாரிக்குத்தான் அதிகம்.

செய்ய வேண்டியது என்ன? தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். தை மாதம் ஒரு தடவை, வைகாசியில் ஒரு தடவை அளந்து சுவரில் எழுதிவையுங்கள். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை குடிக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். தையில் இறங்கி வைகாசியில் ஏறினால், உங்கள் நல்ல தண்ணீர் அடுக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது, மழைக்கும் வாய்க்காலுக்கும் அது பதில் சொல்கிறது என்று அர்த்தம். கூரைத் தண்ணீரைக் குழியில் இறக்குவதற்கும், தெருக் குட்டையைத் தூர்வாருவதற்கும் பலன் இருக்கும். வருஷம் முழுக்க ஒரே எண்ணில் அசையாமல் நின்றால் பக்கத்தில் இறால் குட்டை இருக்கிறதா என்று பாருங்கள், அதன் உப்பு கசிந்து வந்தால் அது வேறு வழக்கு. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது, சொல்லப்போனால் கெட்டியாகும். ஆர்.ஓ. மெஷின் உப்பை எடுக்கும், ஆனால் எடுத்த உப்பை ஒரு குழாய் வழியாக வெளியே துப்பும், அந்தக் குழாயைப் பலர் போருக்குப் பக்கத்திலேயே தோட்டத்தில் விட்டுவைத்திருப்பார்கள். நீங்களும் போய்ப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. போர் போடுகிறவர் வந்து இன்னும் நூறு அடி இறக்கினால் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்பார். சில இடத்தில் களிமண் படுகைக்குக் கீழே உண்மையிலேயே கிடைக்கும். ஆனால் மேல் உப்பு அடுக்கைக் குழாய் போட்டுச் சுற்றிலும் சிமென்ட் வைத்து அடைக்காமல் துளைத்தால், அந்தத் துளை வழியாகவே உப்பு கீழே இறங்கி அதையும் கெடுத்துவிடும், உங்களுக்கு மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து. அடைத்துத் தருவாரா என்று முதலில் கேளுங்கள், இல்லையென்றால் ரிக் வண்டியை வாசலிலிருந்தே திருப்பி அனுப்பிவிடுங்கள்.